கடைசியில் தொட வேண்டிய நட்டை முதலில் தொட்டேன்

வண்டியை நிறுத்தி இறங்கி, டிக்கியைத் திறந்து பையை எடுத்துக்கொண்டு மூடினேன். மூடிய டிக்கி என் பக்கமாக வந்தது. எனக்குத்தான் தலை சுற்றுகிறதோ என்று ஒரு நொடி நினைத்தேன். இல்லை, வண்டிதான் நகர்கிறது. ஏற்றத்தில் முன்பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தியிருந்தேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும் நன்றாக நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் புத்தி எங்கே போகுமோ, பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் டிக்கிமேல் ஊன்றி வண்டியைத் தடுக்கப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரு டன் எடை. செருப்பு தரையில் தேயத் தேயப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு தூண் இருப்பது ஞாபகம் வந்ததும் பக்கவாட்டில் குதித்தேன். வண்டி போய்த் தூணில் சாவகாசமாக உட்கார்ந்தது. பம்பர் உள்ளே போனது, ஒரு பக்க விளக்கு நொறுங்கியது, டிக்கி அதற்கப்புறம் இன்றுவரை ஒழுங்காக மூடவில்லை. உருளும் வண்டியைக் கையால் நிறுத்த முடியாது. இதை நான் யாருக்குச் சொன்னாலும் "அது தெரியாதா" என்கிறார்கள். எனக்கும் தெரியும்தான். கை தானாகப் போய்விட்டது.

வெட்கத்தை விட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இது திடீரென்று நடந்தது இல்லை. வண்டி வாங்கிய புதிதில் ஹேண்ட் பிரேக் பிடியை இழுத்தால் ஐந்து 'கிளிக்' சத்தத்திலேயே கல் மாதிரி நிற்கும். அது ஏழாகி, ஒன்பதாகி, கடைசியில் பதின்மூன்று வரை வந்துவிட்டது. பிடி ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும், அப்போதும் கையில் பஞ்சு மாதிரி ஒரு மெத்து. மாதக்கணக்கில் தினமும் அதைக் கையால் உணர்ந்துகொண்டே, "சர்வீஸுக்கு விடும்போது சொல்லலாம்" என்று தள்ளிப்போட்டேன். போதாக்குறைக்கு வண்டியை நியூட்ரலில் விட்டு இறங்குவது என் பழக்கம். அன்றைக்கு முதல் கியரில் விட்டிருந்தால், ஹேண்ட் பிரேக் கைவிட்டாலும் இன்ஜின் பிடித்திருக்கும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பழகிக்கொண்ட வரிசை இதுதான்: கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை இழுப்பேன், காலை மெதுவாக எடுப்பேன், வண்டி நகராமல் நிற்கிறதா என்று பார்ப்பேன், அதற்கப்புறம் கியர் போட்டு இன்ஜினை அணைப்பேன். காலை எடுக்கும்போது வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தாலும் ஹேண்ட் பிரேக் சரியில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். முதலிலேயே கியரைப் போட்டுவிட்டால் கியர் அந்தக் குறையை மறைத்துவிடும். ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் இதே வரிசைதான். முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு பார்க்கிங் கியர். இல்லாவிட்டால் வண்டியின் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்ன இரும்புக் கொக்கியில் தொங்கும்.

பம்பர் வேலை, விளக்கு என்று செலவானது என் ஒரு மாதச் சேமிப்பு. அந்தக் கடுப்பில், ஹேண்ட் பிரேக்கையாவது நானே சரிசெய்துகொள்கிறேன் என்று இறங்கினேன். இரண்டு நிமிட வீடியோ ஒன்று கிடைத்தது. கியர் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்று, பிடியின் அடியில் ஒரு நீண்ட மரைக்கம்பி, அதில் 10 மில்லிமீட்டர் நட்டு, அதை முறுக்கு, முடிந்தது. என் வண்டியிலும் அச்சு அசலாக அப்படியே இருந்தது. முறுக்கினேன். பதின்மூன்று கிளிக் எட்டானது. இன்னும் முறுக்கினேன், ஐந்து. ஆசை விடவில்லை, மூன்றுக்குக் கொண்டுவந்தேன். ஒரே இழுப்பில் வண்டி ஆணி அடித்தது போல நின்றது. மனைவியைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். கால் மணி நேர வேலைக்கு இத்தனை நாள் பயந்தோமே என்று தோன்றியது. அந்தக் கால் மணி நேரத்துக்குப் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தேன், கூடவே ஒரு டிரம்மையும், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புக் கிண்ணத்தையும், அதன் உட்சுவரை உரசி நிறுத்தும் ஒரு செட் பிரேக் ஷூவையும்.

நட்டை முறுக்கும்போதே வண்டி எனக்கு ஒரு தடயம் காட்டியிருந்தது. நட்டுக்கு வெளியே மரை ஏற்கெனவே நீளமாகத் துருத்திக்கொண்டிருந்தது. எனக்கு முன்பே யாரோ, ஏதோ ஒரு சர்வீஸில், இதே நட்டை முறுக்கி இதே நோயை மூடிவைத்திருக்கிறார்கள். கேபிள் கொஞ்சம் நீளும்தான், அதுவும் புதிதாக மாற்றிய முதல் சில மாதங்களில். ஆனால் இத்தனை மரை ஓடும் அளவுக்கு அது நீளாது. கேபிளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழிந்திருக்கும். ஒரு நீண்ட பயணம் முடித்து இறங்கியபோது, இரும்பும் ரப்பரும் சேர்ந்து கருகுகிற மாதிரி ஒரு நெடி. வேறு ஏதோ லாரியிலிருந்து வருகிறது என்று விட்டுவிட்டேன். பெட்ரோலும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துகொண்டிருந்தது, அதற்கு ஏசிமேல் பழிபோட்டேன். அப்புறம் ஒரு நாள், லேசான இறக்கத்தில் நியூட்ரலில் பிரேக்கை விட்டால் தானாக உருள வேண்டிய வண்டி அசையாமல் நின்றது. நகராத வண்டியைப் பார்த்து அன்றைக்குத்தான் முதல்முறை பயந்தேன். இறங்கிப் பின்சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனேன். தொடவில்லை, அருகே கொண்டுபோனதற்கே தோசைக்கல் போல அனல் அடித்தது. முன்சக்கரம் அந்த அளவுக்குச் சுடவில்லை. அதுவே தலைகீழ். பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்வதால் முன்பக்கம்தான் அதிகம் உழைக்கும், அதிகம் சூடாகும். பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சூடாக இருந்தால், அல்லது இரண்டு பின்சக்கரங்களில் ஒன்று மட்டும் சூடாக இருந்தால், பிரேக் விடுபடாமல் உரசுகிறது என்று சந்தேகப்படலாம். இந்த ஒன்று தெரிந்திருந்தால் முதல் வாரத்திலேயே பிடித்திருப்பேன். காசு செலவில்லாத சோதனை, சக்கரத்தின் பக்கத்தில் கையை நீட்டினால் போதும். டிரம்மைத் தொட்டுவிட வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் காரணம் என்னவென்று புரிந்துகொள்ளப் பிரேக்கின் உள்ளே போக வேண்டியிருந்தது. கால் பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஹேண்ட் பிரேக்குக்கு அந்த எண்ணெயோடு சம்பந்தமே இல்லை. வெறும் கம்பி, கேபிள், இழுவை. நாம் பிடியை இழுக்கும்போது கேபிள் டிரம்முக்குள் இருக்கும் ஒரு சின்ன நெம்புகோலை இழுக்கிறது, அது இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. ஷூ தேயத் தேய அதற்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி கூடும், பிடி அதிகம் உயரும். இந்த இடைவெளியைத் தானாகச் சரிசெய்யத்தான் உள்ளே ஸ்டார் வீல் என்று பல் வைத்த ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது. இடைவெளி கூடும்போது கால் பிரேக்கை மிதிக்க மிதிக்க அது ஒவ்வொரு பல்லாகத் திரும்பி ஷூவை வெளியே தள்ளிக்கொண்டே வரும். பல வண்டிகளில் இந்த ஏற்பாடு வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: ஹேண்ட் பிரேக் விடப்பட்டிருக்கும்போது அந்த நெம்புகோல் முழுதாகத் தன் இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். நான் கேபிளை இறுக்கியதில் நெம்புகோல் எப்போதும் பாதி இழுபட்டே நின்றது. ஷூ விடாமல் உரசியது, தானாகச் சரிசெய்யும் ஏற்பாடும் முடங்கியது. சுருக்கமாகச் சொன்னால், ஹேண்ட் பிரேக்கை அரைகுறையாகப் போட்டுக்கொண்டே மூன்று வாரம் ஓட்டியிருக்கிறேன்.

டிரம்மைத் திறக்கலாம் என்று முடிவெடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் நடக்கவில்லை. உயிரோடு வீட்டுக்கு வந்ததுதான் லாபம். பின்சக்கரத்தைத் தூக்க வேண்டும், சக்கரம் சுற்ற வேண்டும் என்பதால் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். அப்படியென்றால் வண்டியை எது பிடித்துக்கொண்டிருக்கிறது? இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஸ்டெப்னியோடு வந்த ஜாக்கியை வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்கியின் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்வது தெரிந்தது. தண்ணீர்கூட வழிந்து ஓடாத அளவுக்குச் சின்னச் சரிவு, அதற்கே வண்டி முன்னால் நகரத் தொடங்கியிருந்தது. தலையை வெளியே இழுத்ததும் வண்டி இறங்கியது. கழற்றிய சக்கரத்தைத் தற்செயலாக வண்டிக்கு அடியில் படுக்கவைத்திருந்தேன், அதன்மேல் போய் உட்கார்ந்தது. இல்லாவிட்டால் டிரம் தரையில் அடித்திருக்கும். கை நடுக்கம் அடங்க வெகுநேரமானது. அடுத்த வாரம் சமதளமான சிமென்ட் தரை, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை, என் வண்டி முன்சக்கர இழுவை என்பதால் முதல் கியர், ஜாக்கியால் தூக்கிய பிறகு வண்டி எடையைத் தாங்க ஸ்டாண்டு இரண்டு. வண்டியைத் தூக்க மட்டும்தான் ஜாக்கி, தாங்கி நிற்க ஸ்டாண்டு. கழற்றிய சக்கரத்தை இப்போது வேண்டுமென்றேதான் வண்டிக்கு அடியில் வைக்கிறேன்.

டிரம் லேசில் வரவில்லை. சுத்தியலால் அரை மணி நேரம் தட்டினேன். ஷூ உட்சுவரில் பள்ளம் அரித்து, ஓரத்தில் ஒரு விளிம்பு நின்றுவிட்டால் அது ஷூவைப் பிடித்துக்கொள்ளும். டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் ரப்பர் அடைப்பான் போட்ட ஒரு துளை இருக்கும், அதன் வழியே மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் ஸ்டார் வீலைத் தடுக்கும் கொக்கியை விலக்கிப் பிடித்து, இன்னொன்றால் அந்த ஸ்டார் வீலைத் திருப்பித் தளர்த்தினால் ஷூ உள்வாங்கும். சில டிரம்களில் மரை வெட்டிய இரண்டு துளைகள் வைத்திருப்பார்கள். அவற்றில் போல்ட்டைப் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். என் டிரம்மில் அந்தத் துளைகள் இருந்தன, துருவும் அழுக்கும் மூடிக் கண்ணுக்குத் தெரியவில்லை. சுத்தியலை எடுப்பதற்கு முன்பு துணியால் ஒருமுறை துடைத்திருக்கலாம். உள்ளே கறுப்புப் பொடி கொட்டிக் கிடக்கும். அதை வாயால் ஊதக்கூடாது, ஏர் அடிக்கவும் கூடாது. பழைய பிரேக் லைனிங்குகளில், அதாவது ஷூவின்மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையில், நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் அல்லது பிரேக் கிளீனரால் துடைப்பதே நல்லது.

ஷூவில் சதை நிறையவே இருந்தது, ஆனால் மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்தது. நகத்தால் கீறினால் வழுக்கியது. ஒரு பக்க டிரம்மில் நீல நிறத் திட்டுகள், அதிகச் சூடு பட்ட அடையாளம். ஷூவை எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கிட்டே ஓட்டுனீங்களா சார்?" என்றார். நட்டை முறுக்கிய கதையைச் சொன்னேன். "நட்டை முறுக்கினா பிரேக் சரியாகாது சார், வயர்தான் டைட்டாகும். ஸ்டார் சுத்துதா பாருங்க" என்றார். திரும்பி வந்து பார்த்தால், இரண்டு பக்கமும் ஸ்டார் வீல் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பிளையரால் பிடித்தும் அசையவில்லை. ஹேண்ட் பிரேக் பதின்மூன்று கிளிக்குக்குப் போனதற்கு மூல காரணம் அந்தக் கட்டை விரல் நீளத் துண்டுதான். எண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மரையில் மட்டும் துளி பிரேக் கிரீஸ் தடவியதும் விரலால் சுற்றும் அளவுக்கு விட்டது. ஷூவில் கிரீஸோ எண்ணெயோ பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டால் அந்த ஷூ அவ்வளவுதான். கால் பிரேக்கை மிதிக்கும்போது எண்ணெய் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையையும் அப்போதே லேசாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். உள்ளே ஈரமாக இருந்தால் பிரேக் எண்ணெய் கசிகிறது, அதை முதலில் சரிசெய்யாமல் புது ஷூ போடுவது வீண்.

இத்தனை கவனமாக இருந்தும் இன்னொரு ஞாயிறு போனது, அது முழுக்க என் அவசரத்தால். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரித்து, ஸ்பிரிங், ஸ்டார் வீல், கொக்கி எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவினேன். பூட்டும்போது எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்று தெரியாமல் விழித்தது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தவறு, இடது பக்க ஸ்டார் வீலை வலது பக்கத்தில் போட்டது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் என் வண்டியில் ஒன்றின் மரை இடப்பக்கமாகவும் இன்னொன்றின் மரை வலப்பக்கமாகவும் ஓடுகிறது. மாற்றிப் போட்டால் பிரேக்கை மிதிக்க மிதிக்க விரிய வேண்டியது சுருங்கும். நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு பிடி மறுபடி உயர ஆரம்பித்தபோது அழுகையே வந்துவிட்டது. ஒரு பக்கத்தை முழுதாகப் பூட்டி முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்திருந்தால் இது நடந்திருக்காது. திறக்காத பக்கம் பார்த்து எழுதும் விடைத்தாள் மாதிரி உதவும். பிரிப்பதற்கு முன்பு போனில் நாலு படம் எடுத்துவைத்திருந்தாலும் போதும்.

நான்காவது வாரம் எல்லாவற்றையும் வரிசைப்படி செய்தேன், ஒரு மதியத்தில் முடிந்தது. முதலில் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கி, நான் அவ்வளவு ஆசையாக முறுக்கிய அந்த நட்டைக் கேபிள் தொய்ந்து தொங்கும் வரை தளர்த்தினேன். டிரம்முக்குள் நெம்புகோல் இரண்டு பக்கமும் கடைசிவரை திரும்பியிருக்கிறதா என்று பார்த்தேன். கேபிளைக் கையால் இழுத்துவிட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் உறைக்குள் துரு, கேபிளையே மாற்ற வேண்டும். என்னுடையது நல்லவேளையாகத் தப்பியது. அப்புறம் ஸ்டார் வீலைப் பல் பல்லாகத் திருப்பி, டிரம்மை மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி திருப்பி, டிரம் உள்ளே போகும்போது ஷூ லேசாக உரசுகிற இடத்தில் நிறுத்தினேன். சுற்றிவிட்டால் உஸ்ஸென்ற மெல்லிய சத்தத்தோடு சுற்ற வேண்டும், கையை எதிர்க்கக் கூடாது. இரண்டு டிரம்மையும் பூட்டியபின் கால் பிரேக்கை இருபது முறை அழுத்தமாக மிதித்தேன், ஷூக்கள் நடுவில் வந்து உட்கார்ந்தன. இத்தனைக்கும் பிறகுதான் உள்ளே ஏறி நட்டைத் தொட்டேன். என் வண்டியின் மேனுவலில் 20 கிலோ விசையில் இழுத்தால் 4 முதல் 7 கிளிக் என்று இருந்தது. நான் ஆறில் வைத்தேன். கேபிளும் ஷூவும் பதிய வேண்டும் என்பதற்காகப் பிடியைப் பலமாக நாலைந்து முறை இழுத்துவிட்டு மறுபடி எண்ணினேன், பிறகு ஒரு மரை மட்டும் முறுக்கினேன். பிடி கீழே இருக்கும்போது இரண்டு சக்கரமும் தாராளமாகச் சுற்றின. இரண்டாவது கிளிக்கில் உரசல், ஐந்தில் அசையவில்லை. முதலில் துருத்திக்கொண்டிருந்த மரையில் பெரும்பகுதி நட்டுக்கு உள்ளே போயிருந்தது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதி, மூன்று கிளிக்கில் நின்றபோது வந்த பெருமையைவிடப் பெரிது.

சோதித்தது காலியான ஒரு லேசான ஏற்றத்தில், பின்னால் எதுவும் யாரும் இல்லாத இடத்தில், காலைக் கால் பிரேக்குக்கு மேலேயே வைத்துக்கொண்டு. நின்றது. அப்புறம் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நாலு சக்கரத்துக்கும் கை நீட்டிப் பார்த்தேன், பின்னிரண்டும் வெதுவெதுப்பு. சக்கர நட்டுகளைக் குறுக்காக, எதிரெதிராக இன்னொரு முறை இறுக்கினேன்.

இதெல்லாம் பின்பக்கம் டிரம், நடுவில் பிடி இருக்கும் வண்டிக்கு. பொத்தானை அழுத்தும் எலக்ட்ரானிக் வகையாக இருந்தால் ஸ்பேனரைத் தூர வைத்துவிடுங்கள். அதை ஸ்கேனர் வைத்து சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் கழற்றினால் மோட்டாரோ விரலோ மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் டிஸ்க் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் வந்து டிஸ்க் நன்றாகச் சூடாக இருக்கும்போது நிறுத்தினால், அது ஆறும்போது சுருங்கி, பிடி தளர்ந்து, கொஞ்ச நேரம் கழித்து வண்டி உருள வாய்ப்புண்டு. அப்படி நிறுத்தும்போது ஒரு கிளிக் கூடுதலாக இழுத்து, கியரும் போட்டு, வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றால் முன்சக்கரத்தைச் சாலையோரக் கல் பக்கம் திருப்பிவைப்பது நல்லது.

டிக்கியை மட்டும் இன்னும் சரிசெய்யவில்லை. இரண்டு முறை அடித்து மூட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை மூடும்போதும் கை அதன்மேல் ஒரு நொடி தயங்கி நிற்கிறது, நகர்கிறதா என்று பார்க்க.